டெல்லியிடம் கேட்பதை ஊராட்சிக்குக் கொடுப்பாரா உங்கள் வேட்பாளர்?

சட்டமன்றத் தேர்தலில் நிற்க வருபவர் தேர்தல் நடத்தும் அலுவலர் முன்னால் ஓர் உறுதிமொழி எடுத்தாக வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் மீது உண்மையான நம்பிக்கையும் பற்றும் கொண்டிருப்பேன், நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்பது அதன் சாரம். ஜெயித்த பிறகு சட்டமன்றத்தில் எடுக்கும் பதவிப் பிரமாணம் தனி. இது போட்டியிடுவதற்கே வேண்டிய தகுதி என்கிறது அரசமைப்பின் 173-வது பிரிவு. தனிநாட்டுக் கோரிக்கை தமிழ்நாட்டு மேடைகளில் ஒலித்துக்கொண்டிருந்த காலத்தில், 1963-ல் 16-வது திருத்தம் வழியாக வந்தது இந்த ஏற்பாடு.

மனு தாக்கல் நாளில் மேளம் உண்டு, ஆரத்தி உண்டு, ஊர்வலம் உண்டு. மாலைச் செய்தியில் வேட்பாளரின் சொத்து மதிப்பு எத்தனை கோடி என்பதும் வந்துவிடும். அவர் எடுத்த உறுதிமொழியைப் பற்றி மட்டும் எவரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. அரசமைப்பின் மீது நம்பிக்கை வைப்பதாகச் சொன்னவர் அந்த நம்பிக்கையை எந்த மசோதாவில், எந்த வாக்கில் காட்டப்போகிறார்? வாக்குச் சேகரிக்க வரும்போது நாம் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அது.

வேட்பாளரைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமை வாக்காளருக்கு உண்டு என்று 2002-லும் 2003-லும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பயனாகத்தான் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தில் குற்ற வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் இன்று நம் பார்வைக்கு வருகின்றன. பொய்த் தகவல் கொடுத்தால் ஆறு மாதம் வரை சிறை. நல்ல ஏற்பாடு. ஆனால் மனைவி கழுத்து நகையின் எடை வரை கேட்கும் அந்தப் படிவத்தில், மக்களாட்சியைப் பற்றி வேட்பாளர் என்ன நினைக்கிறார் என்று எழுத ஒரு வரி இடம்கூட இல்லை. படிவம் கேட்காததை நாம்தான் கேட்க வேண்டும்.

அது டெல்லி விவகாரம் அல்ல

அரசமைப்பு, அடிப்படை உரிமை என்றாலே நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம் என்று நம் நினைப்பு வடக்கே போய்விடுகிறது. எம்.எல்.ஏ. என்றால் குடிநீர், சாலை, பட்டா, முதியோர் உதவித்தொகை. ஏழாவது அட்டவணையைப் புரட்டினால் வேறு கதை தெரியும். காவல் துறை, பொது ஒழுங்கு, உள்ளாட்சி மூன்றும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஊர்வலத்துக்கு அனுமதி கிடைக்குமா, காவல் நிலையத்தில் நம்மை எப்படி நடத்துவார்கள், நம் ஊருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஒருவர் இருப்பாரா என்பதெல்லாம் பெருமளவு மாநிலத்தின் கையில்தான் இருக்கின்றன.

ஓர் உதாரணம் போதும். 1982-ம் ஆண்டின் 14-வது சட்டம், மக்கள் வாயில் குண்டர் சட்டம். நீதிமன்றம் குற்றவாளி என்று சொல்வதற்கு முன்பே ஒருவரை 12 மாதம் வரை சிறையில் வைக்க அது வழிசெய்கிறது. சாராயம், போதைப்பொருள், ரவுடித்தனம் என்று தொடங்கிய பட்டியலில் பின்னர் மணல் கடத்தலும் திருட்டு வீடியோவும் சேர்ந்தன. 2014-ல் இணையவழிக் குற்றமும் பாலியல் குற்றமும் சேர்ந்தன. அந்தக் குற்றங்கள் கொடியவை, மறுப்பில்லை. ஆனால் விசாரணைக்கு முன்பே சிறை என்ற அதிகாரத்தை ஒவ்வொரு முறையும் நீட்டித் தந்தது நாம் அனுப்பிவைத்த உறுப்பினர்களின் சபை. அந்த மசோதாவுக்கு உங்கள் உறுப்பினர் என்ன சொன்னார் என்று உங்களுக்குத் தெரியுமா? பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. யார் ஆம் என்றார், யார் வாய் திறக்கவில்லை என்று பெயர் வாரியாகப் பதிவாவதில்லை.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. மக்களாட்சியில் ஒரு வேட்பாளருக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பதை அளக்க என்னிடம் இருக்கும் ஒரே அளவுகோலும் அதுதான்: உள்ளாட்சித் தேர்தல்.

தலைவர் இல்லாத ஆண்டுகள்

1993-ல் நடைமுறைக்கு வந்த 73, 74-வது திருத்தங்கள் ஊராட்சியையும் நகராட்சியையும் அரசமைப்பின் அங்கங்களாக்கின. பதவிக்காலம் ஐந்து ஆண்டு. அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும். 243இ, 243யூ என்ற இரண்டு பிரிவுகளும் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 2006-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் இதை அழுத்திச் சொன்னது.

தமிழ்நாட்டில் நடந்தது என்ன? 2011-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அறிவித்த தேர்தல் வழக்கில் நின்றது. பிறகு வார்டு வரையறை, பிறகு புதிய மாவட்டங்கள், பிறகு மறுபடி வழக்கு. 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் வாக்குப்பதிவு நடந்தது. மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் ஆனது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகள் 2022 பிப்ரவரி 19 வரை காத்திருந்தன.

1993 நவம்பரில் ஒரு நகரத்தில் பிறந்த பெண்ணை நினைத்துப் பாருங்கள். 18 வயது நிரம்பியபோது 2011 உள்ளாட்சித் தேர்தல் முடிந்துவிட்டது. 2014-லும் 2019-லும் நாடாளுமன்றத்துக்கு வாக்களித்தார். 2016-லும் 2021-லும் சட்டமன்றத்துக்கு வாக்களித்தார். தன் தெருக் குப்பையையும் தெருவிளக்கையும் கவனிக்கும் கவுன்சிலருக்கு முதல் வாக்கைப் போட்டபோது அவருக்கு வயது 28.

அந்த இடைவெளியில் ஊர்களை நடத்தியவர்கள் தனி அலுவலர்கள். ஊராட்சிகளுக்கு, ஏற்கெனவே நூறு வேலை சுமக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர்களே தனி அலுவலர்கள். அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை; வாக்கு கேட்டு வராதவரிடம் ஊர் கணக்குக் கேட்க முடியாது, அவ்வளவுதான். முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளுக்கே மானியம் என்று மத்திய நிதிக்குழு நிபந்தனை வைத்திருந்ததால், வரவேண்டிய பணமும் முடங்கியது.

தனி அலுவலர்களின் காலம் ஆறு மாதம், இன்னும் ஆறு மாதம் என்று நீண்டுகொண்டே போனதற்கு மசோதாக்கள் வந்தன. அவை சட்டமன்றத்தில்தான் நிறைவேறின. அரசமைப்பின் மீது நம்பிக்கை வைப்பதாக உறுதிமொழி எடுத்து உள்ளே போனவர்கள், அரசமைப்பு விதித்த தேர்தல் நடக்காமலே ஊராட்சிகளை நடத்த வழிவிட்டார்கள். எந்தக் கட்சி ஆட்சி என்பது இங்கே பேச்சல்ல. 2025 ஜனவரியில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளில் பெரும்பாலோரின் காலம் முடிந்தபோதும் புதிய தேர்தல் நடந்திருக்கவில்லை. தனி அலுவலர்கள் மறுபடியும் வந்தார்கள்.

வார்டு வரையறை, இடஒதுக்கீட்டுச் சுழற்சி, வழக்கு என்று தாமதத்துக்குச் சட்டக் காரணங்கள் இருந்தன என்பவர்கள் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் அதே சிக்கல்களுக்கு நடுவே சட்டமன்றத் தேர்தல் ஒரு முறைகூடத் தள்ளிப்போகவில்லை.

‘தரலாம்’ என்ற இடைவெளி

243ஜி பிரிவின்படி ஊராட்சிகளுக்கு அதிகாரங்களை வழங்குவது மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பம். பதினோராவது அட்டவணையில் 29 துறைகள் வரிசையாக இருக்கின்றன: சிறுபாசனம், குடிநீர், தொடக்கக் கல்வி, சுகாதாரம், வறுமை ஒழிப்பு, பொது விநியோகம். இவற்றை ஊராட்சிக்குத் தரலாம் என்கிறது அரசமைப்பு. தந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. எவ்வளவு தருவது என்பது சட்டமன்றத்தில் கை தூக்குபவர்களின் முடிவு.

அவர்கள் ஏன் தயங்குகிறார்கள்? தண்ணீர்த் தொட்டி திறப்பதும் சமுதாயக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டுவதும் எம்.எல்.ஏ.வின் முகத்தைத் தொகுதியில் பதியவைக்கும் வேலைகள். அந்த வேலை ஊராட்சித் தலைவர் கைக்கு முழுதாகப் போனால், ஐந்து ஆண்டில் அதே தொகுதியில் செல்வாக்கான போட்டியாளர் ஒருவர் வளர்ந்து நிற்பார். இது தனிமனிதர் குணம் பற்றிய குற்றச்சாட்டு அல்ல. நல்லவர்களையும் இந்த ஏற்பாடு அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. அதனால்தான் தேர்தலுக்கு முன்பே அவர்களிடம் வாக்குறுதி வாங்க வேண்டியிருக்கிறது.

1994-ம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் பாருங்கள். கிராமத்து வாக்காளர் நான்கு நிறச் சீட்டுகளில் வாக்களித்து ஊராட்சித் தலைவர் முதல் மாவட்டக் கவுன்சிலர் வரை தேர்ந்தெடுக்கிறார். அப்படித் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரைப் பதவி நீக்கும் அதிகாரம் 205-வது பிரிவில் ஆட்சியருக்கு இருக்கிறது. தவறு செய்தவரை நீக்க வழி வேண்டும்தான். அந்த இறுதி அதிகாரம் அலுவலரிடம் இருக்க வேண்டுமா, நீதிமன்றத்திடமா, கிராம சபையிடமா என்பது விவாதிக்க வேண்டிய கேள்வி. பிரசார வேன் மேலிருந்து இதைப் பேசிய வேட்பாளரை நான் இதுவரை பார்த்ததில்லை.

நாற்காலியில் யார் உட்காரலாம்?

மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி 1996-ல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. மனு போட ஆள் வராமல் தடுத்தார்கள். ஜெயித்தவரையும் உடனே பதவி விலகச் செய்தார்கள். பத்தாண்டு கழித்து, 2006-ல்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். அதே மாவட்டத்தின் மேலவளவில், ஒதுக்கீட்டில் ஜெயித்த ஊராட்சித் தலைவரும் உடன் சென்றவர்களும் 1997 ஜூனில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2020-ல்கூடக் கடலூர் மாவட்டத்தில் ஒரு பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளிவந்தது. திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு தலைவர் சுதந்திர தினத்தில் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார்.

சமத்துவத்தைச் சொல்லும் 14-வது பிரிவும் தீண்டாமையை ஒழித்த 17-வது பிரிவும் உயிரோடு இருக்கின்றனவா என்பதைச் சோதிக்கும் இடம் ஊராட்சி அலுவலகத்தின் அந்த நாற்காலிதான். இப்படி ஒரு சம்பவம் நடக்கும் தொகுதியில் சட்டமன்ற உறுப்பினர் யார் பக்கம் நின்றார்? முதல் வாரமே அந்த ஊருக்குப் போனாரா, அல்லது இரண்டு பக்க வாக்கையும் கணக்குப் போட்டு வாய் மூடிக்கொண்டாரா? அவர் அரசமைப்பை நம்புகிறாரா என்பதற்கு இந்தப் பதிலைவிட நல்ல சான்று வேறில்லை. தள்ளிப்போன தேர்தலால் அதிகம் இழந்தவர்களும் ஒதுக்கீட்டில் பதவிக்கு வரவிருந்த தலித்துகளும் பெண்களும்தான். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டம் செய்த சபை, அவர்கள் அந்த இடத்தில் உட்கார மூன்று ஆண்டுக்கு மேல் காக்கவைத்தது.

கொறடா எல்லாவற்றுக்கும் பதில் ஆகாது

இதையெல்லாம் வேட்பாளரிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது, கொறடா சொல்வதற்குத்தானே அவர் கை தூக்குவார் என்ற வாதம் வரும். 1985-ல் வந்த பத்தாவது அட்டவணைப்படி, கட்சிக் கட்டளையை மீறி வாக்களித்தால் பதவி போகும் என்பது உண்மை. ஆனால் அந்தத் தடை வாக்குக்குத்தான். கேள்வி நேரத்தில் கேட்பதற்கும், மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசுவதற்கும், தனிநபர் மசோதா கொண்டுவருவதற்கும், கட்சிக் கூட்டத்தில் வாதாடுவதற்கும், தொகுதியில் நடக்கும் கிராம சபையில் போய் உட்காருவதற்கும் கொறடாவின் அனுமதி வேண்டியதில்லை.

மாநில சுயாட்சியை உரக்கப் பேசிய மண் இது. மத்திய-மாநில உறவை ஆராய்ந்த ராஜமன்னார் குழு 1971-ல் அறிக்கை தந்தது. 1974-ல் சட்டமன்றம் தீர்மானமே போட்டது. நிதிப் பகிர்விலும் கல்வியிலும் மாநிலத்தின் உரிமை பறிபோகிறது என்று இன்றும் எல்லா மேடையிலும் கேட்கிறோம். நியாயமான கோரிக்கை, நானும் அதை ஆதரிக்கிறேன். ஆனால் மாநிலத்துக்கு டெல்லி தராததை எந்த நியாயத்தால் கேட்கிறோமோ, அதே நியாயம்தான் நம் ஊராட்சிகளுக்கும் இருக்கிறது. தனக்கு மேலே இருப்பவரிடம் அதிகாரம் கேட்பது எல்லா அரசியல்வாதிக்கும் எளிது. தனக்குக் கீழே தேர்ந்தெடுக்கப்பட்டவரிடம் தன் அதிகாரத்தில் ஒரு பங்கைக் கொடுக்கச் சம்மதிப்பவரே மக்களாட்சியை நம்புகிறவர்.

வாக்கு கேட்டு உங்கள் தெருவுக்கு வேட்பாளர் வரும்போது, அண்ணே என்றோ அக்கா என்றோ அழைத்து நிறுத்தி மூன்று கேள்வி கேளுங்கள். உள்ளாட்சியின் காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று சபையில் பேசுவீர்களா? 29 துறைகளில் எவற்றை, எந்த நிதியோடு, எந்த ஆண்டுக்குள் ஊராட்சிக்கு விடச் சொல்வீர்கள்? ஒதுக்கீட்டில் ஜெயித்த தலைவரை ஊர் உட்காரவிடாவிட்டால் மறுநாள் அங்கே வந்து நிற்பீர்களா? பதிலைக் கைபேசியில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். குடிநீரும் சாலையும் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றைத் தரவேண்டிய உள்ளாட்சி உயிரோடு இருந்தால்தான் அவையும் ஒழுங்காக வரும். மூன்று கேள்விக்கும் மழுப்புபவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், எத்தனை பெரிய உறுதிமொழி எடுத்திருந்தாலும், உங்கள் வாக்குக்கு உரியவர் அல்ல.