பெரிய ஜீப் வாங்கப் போகிறீர்களா? காலையில் போய்ப் பாருங்கள்!



சில மாதங்களாக ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும்போது என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். "ஹாஜியார், குடும்பத்தோட போய் வாற மாதிரி பெரிய ஜீப் ஒண்டு எடுக்கணும். எது நல்லம்?" 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது உண்மைதான். ஆனால் விலையோடு வரியையும் கூட்டிப் பார்த்தால் புதிய பெரிய ஜீப் நம்மில் அநேகருக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. ஆகவே பத்து, பதினைந்து, இருபது வருடம் ஓடிய ஜீப்புகளைத்தான் நம்மவர்கள் தேடுகிறார்கள். ஒரு வீடு கட்டும் காசு அதில் போகிறது. எனவே இந்த வாரம் இதைப் பற்றியே எழுதலாம் என்று நினைத்தேன். நான் மெக்கானிக் அல்ல. வாங்கி, விற்று, அடிபட்டுப் படித்தவன்.

ஆசைக்குக் காரணம் உண்டு

பெரிய ஜீப் மீது நமக்குள்ள ஆசையை வெறும் பகட்டு என்று தள்ளிவிட முடியாது. உம்மா, வாப்பா, மனைவி, மூன்று பிள்ளைகள் என்றால் சாதாரண காரில் இடமில்லை. கண்டியிலிருந்து மஹியங்கனை 18 வளைவு வழியாகக் கிழக்கே சம்பந்தங்கள் உள்ள குடும்பங்களுக்கு இதன் அருமை தெரியும். ஏழு பேரும் சாமான்களும் ஏறிய பிறகும் இழுக்கிற எஞ்சின் வேண்டும். மழைக்குப் பிறகு குண்டும் குழியுமான ஊர்ப் பாதையில் அடி தட்டாத உயரமும் வேண்டும்.

நம் நாட்டில் இந்த வகையில் முதலில் வாயில் வரும் பெயர் மொண்டெரோ. மிட்சுபிஷி கம்பனி 1982 இல் பஜேரோ என்ற பெயரில் வெளியிட்ட ஜீப்தான் இது. அந்தச் சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் மோசமான பொருள் இருந்ததால், அம்மொழி பேசும் நாடுகளுக்காக மொண்டெரோ என்று பெயர் மாற்றப்பட்டது. அந்தப் பெயரே இங்கும் நிலைத்துவிட்டது. டக்கார் பாலைவன ஓட்டப் போட்டியில் 12 தடவை வென்ற வாகனம் இது. 1991 இல் வந்த இரண்டாவது மொடலில் 'சூப்பர் செலெக்ட்' என்ற நான்கு சில்லு இழுவை முறை புகுத்தப்பட்டது. மற்றப் பல ஜீப்புகளில் நான்கு சில்லு இழுவையைச் சேறு, மணலில் மட்டுமே போடலாம். காய்ந்த தார் வீதியில் போட்டால் கியர்கள் இறுகிவிடும். சூப்பர் செலெக்டில் தார் வீதியிலும் போட்டு ஓட்டலாம். மழை பெய்யும் மலைப் பாதையில் இது பெரிய பாதுகாப்பு. 1999 இல் வந்த மூன்றாவது மொடலில் பின் சில்லுகளுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுத்தார்கள். மூன்றாவது வரிசை ஆசனம் தரைக்குள் மடிந்து மறைந்தது. 2006 இல் நான்காவது மொடல் வந்தது. 2021 உடன் உற்பத்தியே நின்றுவிட்டது. ஆகவே இன்று நீங்கள் வாங்கும் எந்த மொண்டெரோவும் பழையதுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரை வாங்காதீர்கள், எஞ்சினை வாங்குங்கள்

"மொண்டெரோ நல்லம்", "பிராடோ உடையாது" என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை. ஒரே பெயரில் பல எஞ்சின்கள் வந்துள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நோய் உண்டு. உலகம் முழுவதும் மெக்கானிக்குகள் அறிந்த விஷயங்கள் இவை.

மொண்டெரோவின் 2.8 லீற்றர் டீசல் எஞ்சின் 4எம்40. சூடேறினால் சிலிண்டர் ஹெட் வெடிப்பது இதன் பலவீனம். அடுத்து வந்த 3.2 லீற்றர் 4எம்41 நல்ல இழுவை உள்ள எஞ்சின். ஆனால் ஓட்டம் கூடியதும் டைமிங் செயின் தளர்கிறது. காலையில் முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது சில நொடிகள் சங்கிலி உரசும் சத்தம் கேட்கும், பிறகு அடங்கிவிடும். கவனிக்காமல் விட்டால் எஞ்சினே போய்விடலாம். கொமன் ரெயில் முறை வந்த பின், டீசல் பம்பில் உள்ள ஒரு சிறிய வால்வு பழுதாகி, ஓடும்போது இழுவை குறைவதும் எஞ்சின் நிற்பதும் உண்டு. சூப்பர் செலெக்டும் பாவிக்காமல் வைத்திருந்தால் இறுகும். டாஷ்போர்டில் சில்லுப் படம் அணையாமல் மின்னிக்கொண்டிருந்தால் அதில் கோளாறு என்று அர்த்தம்.

டொயோட்டா பிராடோ தனிச் சட்டத்தின் மேல் உடலை ஏற்றிக் கட்டிய ஜீப். அதனால் முரட்டுப் பாவனைக்குத் தாங்கும். பழைய 3 லீற்றர் 1கேஇஸட் எஞ்சினுக்கும் ஹெட் வெடிக்கும் பிரச்சினை இருந்தது. பின் வந்த 1கேடி எஞ்சினில் இன்ஜெக்டர் அடியிலுள்ள செம்பு வாஷர் கசிந்தால் கரி எஞ்சின் ஒயிலில் கலக்கும். அந்தக் கரி ஒயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிட்டால் எஞ்சின் ஒயில் இல்லாமல் இறுகும். 2015 முதல் வந்த 2.8 லீற்றர் 1ஜிடி எஞ்சினின் புகை வடிகட்டி அடைபடும் பிரச்சினை அவுஸ்திரேலியாவில் வழக்காகவே போனது. ஹைலக்ஸ், போர்ச்சூனர், பிராடோ மூன்றிலுமாக 2 இலட்சத்து 64 ஆயிரத்துக்கும் அதிகமான வாகனங்கள் சம்பந்தப்பட்ட அந்த வழக்கில், வாகனங்கள் குறைபாடு உள்ளவை என்று 2022 இல் அந்நாட்டு பெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'உடையாது' என்று பெயரெடுத்த கம்பனிக்கே இந்த நிலை.

வசதிகளுக்கு ஆசைப்படுபவர்கள் லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 ஐப் பார்க்க வேண்டும். 2004 இல் அறிமுகமானது. ஏழு பேரும் பெரியவர்களாக இருந்தாலும் வசதியாக உட்காரலாம். பட்டனை அழுத்தினால் வாகனம் காற்றில் உயரும், தாழும். மணலா, சேறா, பாறையா என்று ஒரு குமிழைத் திருப்பினால் எஞ்சினும் பிரேக்கும் அதற்கேற்பத் தாமாக மாறிக்கொள்ளும். 700 மில்லிமீற்றர் ஆழத் தண்ணீரைக் கடக்கலாம். இவ்வளவும் உண்மைதான். ஆனால் வயதாகும்போது முதலில் போவதும் இவைதான். காற்று நிரப்பும் கொம்பிரசர் தேய்ந்தால் காலையில் வாகனம் ஒட்டகம் போலப் படுத்துக் கிடக்கும். மின்சார ஹேண்ட் பிரேக் கத்தத் தொடங்கும். 2.7 லீற்றர் டீசல் எஞ்சின்களில் கிராங்க் உடைந்த சம்பவங்கள் பல. சில வேலைகளுக்கு உடலைச் சட்டத்திலிருந்து கழற்றித் தூக்க வேண்டும். பாகத்தின் விலையை விடக் கூலி கூடிவிடும்.

நிசான் பட்ரோலின் ஆரம்ப கால 3 லீற்றர் டீசல் எஞ்சின்களில் பிஸ்டன் உருகியதால் அவுஸ்திரேலியர்கள் அதற்குக் 'கைக்குண்டு' என்று பட்டப்பெயரே வைத்தார்கள்.

இதனால் இவற்றை வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் பராமரித்த வாகனங்கள் பல இலட்சம் கிலோமீற்றர் ஓடுகின்றன. என்ன நோய் வரக்கூடும் என்று தெரிந்து வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து.

நான் செய்ய இருந்த தவறு

இனி என் சொந்தக் கதை. வாகனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக்குப் பின் என் ஏழு ஆசன ஜீப்பை வைத்திருப்பது பாரமாகப்பட்டது. 2023 இல் விற்க முடிவு செய்தேன். இறக்குமதி இல்லாததால் பழைய வாகனங்களுக்கு நல்ல விலை. குறை ஒன்றுதான். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் சில நொடிகள் சங்கிலிச் சத்தம். "செயின் மாத்தணும் முதலாளி, சும்மா விட வேணாம்" என்று பாஸ் முன்பே சொல்லியிருந்தார். நான்தான் நாளை, நாளை என்று விட்டிருந்தேன்.

தரகர் ஒரு வழி சொன்னார். "நானா, ஆக்கள் வாறதுக்கு அரை மணித்தியாலத்துக்கு முந்தி ஸ்டார்ட் பண்ணி வைங்க. சத்தம் ஒண்டும் கேக்காது." இது வாகனச் சந்தையில் பழைய வித்தை. நானும் அப்படியே செய்தேன். மறைத்து எழுதி என்ன பயன்? செய்தேன்.

வந்தவர் கட்டாரில் பதினொரு வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய ஓர் இளைஞர். கூடவே அவரது உம்மா, மனைவி, பிள்ளைகள். பிள்ளைகள் கடைசி ஆசனத்தில் ஏறிக்கொண்டார்கள். அவர் தோல் ஆசனத்தைத் தடவிப் பார்த்தார், ஏசியைப் போட்டுப் பார்த்தார். எஞ்சினைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. "ஹாஜியார்ட வாகனம்தானே" என்று உம்மாவிடம் சொன்னார். அந்த ஒரு வார்த்தை என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அவர் வாகனத்தை நம்பவில்லை, என் தொப்பியையும் தாடியையும் நம்பினார்.

எல்லோருக்கும் தெரிந்த ஹதீஸ்தான். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம். மழை நனைத்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். இதை எத்தனை பயான்களில் கேட்டிருப்போம்! எஞ்சினைச் சூடாக்கி வைப்பதும் ஈரத் தானியத்தின் மேல் காய்ந்ததைப் பரப்புவதும் ஒன்றுதான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

"தம்பி, இண்டைக்கு முடிவு எடுக்காதீங்க. நாளைக்கு சுபஹுக்குப் பிறகு உங்கட பாஸையும் கூட்டிக்கொண்டு வாங்க, சத்தத்தக் கேளுங்க" என்றேன். மறுநாள் வந்தார், கேட்டார், ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாங்கவில்லை. தரகர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. மூன்று மாதம் கழித்து, குறையைச் சொல்லி, கேட்ட விலையில் ஆறு இலட்சம் குறைத்து இன்னொருவருக்குக் கொடுத்தேன். ஆறு இலட்சம் எனக்குச் சின்னத் தொகை அல்ல. ஆனாலும் அந்த உம்மாவை எங்கே கண்டாலும் முகத்தைத் திருப்பாமல் நிற்கலாம் அல்லவா?

வாங்குபவருக்குச் சில வார்த்தைகள்

முதலாவது, அதிகாலையில் போங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் பொனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள்.

இரண்டாவது, எஞ்சின் இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த எஞ்சினில் வேலை செய்த மெக்கானிக் ஒருவரைத் தேடிக் கூட்டிப் போங்கள். சொந்தக்காரர் மெக்கானிக் என்பதற்காக மட்டும் கூட்டிப் போகாதீர்கள். கொம்பியூட்டர் ஸ்கேன் செய்யும் செலவு, வாகன விலையில் தூசு.

மூன்றாவது, கிலோமீற்றர் மீற்றரை நம்பாதீர்கள். அது திருப்பப்படலாம். பிரேக் பெடல், ஸ்டியரிங், ஓட்டுநர் ஆசனத்தின் ஓரம் ஆகியவற்றின் தேய்வைப் பாருங்கள். சேர்விஸ் புத்தகத்தைக் கேளுங்கள்.

நான்காவது, வெள்ளத்தில் மூழ்கிய வாகனமா என்று பாருங்கள். 2016 மே மாத வெள்ளத்தில் கொழும்பைச் சூழ எத்தனை வாகனங்கள் நீரில் கிடந்தன! ஆசனப் பட்டியைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். கழுவப்படாத சேற்றுக்கறை அங்கே தங்கியிருக்கும்.

ஐந்தாவது, நான்கு சில்லு இழுவையைப் போட்டு, மண் தரையில் ஓட்டிப் பாருங்கள். லோ கியரையும் போடுங்கள். இதற்காகத்தானே கூடுதல் காசு கொடுக்கிறீர்கள்!

ஆறாவது, கையிலுள்ள முழுக் காசையும் வாகனத்துக்கே கொடுத்துவிடாதீர்கள். பத்தில் ஒரு பங்கையாவது முதல் வருடத் திருத்த வேலைக்கு ஒதுக்குங்கள். வாங்கும் முன் பஞ்சிகாவத்தையில் ஒரு சுற்றுச் சுற்றி, அந்த மொடலுக்குச் சாமான் கிடைக்கிறதா, என்ன விலை என்று விசாரியுங்கள். வாங்கிய பின் 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஒயில் மாற்றுங்கள், டீசல் பில்டரில் கஞ்சத்தனம் பாராதீர்கள்.

விற்பவருக்கு ஒரே வார்த்தை

குறையைச் சொல்லி விற்றுவிடுங்கள். மறைக்கப்பட்ட குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்று நமது பிக்ஹு நூல்கள் கூறுகின்றன. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசினால்தான் அந்த வியாபாரத்தில் பரக்கத் என்பதும் நாம் அறிந்ததே. பழைய ஜீப் பழுதாவது இயற்கை. அதில் வெட்கமில்லை. பழுதை மறைப்பதில்தான் வெட்கம் இருக்கிறது. அந்தக் குடும்பம் பிள்ளைகளோடு 18 வளைவில் இறங்கும்போது எஞ்சின் நின்றால், அதற்கு யார் பதில் சொல்வது?

நமது கொடுக்கல் வாங்கல்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. மீண்டும் அடுத்த வாரம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.