விரல் வைத்த நேரம் எங்கே போகிறது?

திண்டுக்கல் பேகம்பூருக்கு அப்பெயரைத் தந்தவர் ஹைதர் அலீயின் தங்கை அமீருன்னிசா பேகம் என்று நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வந்துள்ளனர். அவர் அடக்கமாகியுள்ள பெரிய பள்ளிவாசலைச் சுற்றிய தெருக்களில் ஒரு தலைமுறை முழுவதும் தோல் பதனிடும் தொழிலை நம்பி வளர்ந்தது. அத்தொழிலாளரின் வாழ்வை டி. செல்வராஜ் ‘தோல்’ என்ற நாவலில் எழுதினார். 2012இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்நாளில் கணக்குப்பிள்ளையின் நீண்ட நோட்டுப் புத்தகமே எல்லாம். வந்தவருக்கு ஒரு கோடு. வராதவருக்கு ஒரு சுழி. சனிக்கிழமை மாலையில் அந்தக் கோடுகளை எண்ணிக் கூலி கொடுப்பர். எழுதியவரும் எண்ணியவரும் கொடுத்தவரும் ஒருவரே. தவறு நேர்ந்தால் அவரிடமே முறையிடலாம், சண்டையும் பிடிக்கலாம்.

இன்று அக்குடும்பங்களின் பிள்ளைகள் பலர் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள நூற்பாலைகளுக்கு வேனில் ஏறிச் செல்கின்றனர். வாயிலில் ஒரு சிறு பொறி. அதில் விரலை வைத்தால் ‘நன்றி’ என்கிறது. அதன்பின் அந்த நேரம் எங்கே போகிறது? விரல் வைத்தவருக்கும் தெரியாது. பல இடங்களில் அலுவலகத்தில் உள்ளவருக்கே முழுமையாகத் தெரியாது.

எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரருக்கு நேர்ந்ததைச் சொன்னால் இது விளங்கும். ஓர் ஆலையில் பல ஆண்டுகளாகப் பணிபுரிபவர். தாயாரின் நோயினால் அவ்வாண்டின் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதங்களில் ஏறக்குறைய மூன்று மாதம் விடுப்பில் இருந்துவிட்டார். எஞ்சிய காலத்தில் 80 நாட்கள் வேலை செய்தார். மறு பிப்ரவரியில் அவரே நோயில் விழுந்தார். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் தொழிலாளி ஊதியத்தில் 0.75 விழுக்காடும் நிர்வாகம் 3.25 விழுக்காடும் செலுத்துகின்றன. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாட்களுக்குச் சந்தா சேர்ந்திருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோயுற்றுப் படுக்கும் நாட்களுக்கு ஊதியத்தில் 70 விழுக்காடு உதவித்தொகை உண்டு. ஆண்டுக்கு 91 நாட்கள் வரை பெறலாம். இவருடைய கணக்கிலோ 76 நாட்களே இருந்தன! இரண்டே நாட்கள் குறைவு. உதவித்தொகை இல்லை என்று கூறிவிட்டனர்.

உழைத்தது 80 நாட்கள். நான்கு நாட்களை விழுங்கியது யார்? விசாரித்தபோது வியப்பான செய்தி தெரிந்தது. யாரும் விழுங்கவில்லை! இரவு ஷிப்டு இரவு 10 மணிக்குத் தொடங்கிக் காலை 6 மணிக்கு முடிகிறது. பொறிக்கோ நள்ளிரவு 12 மணிக்கு நாள் மாறிவிடுகிறது. ஆறு இரவுகள் தொடர்ந்து வேலை செய்தால், முதல் நாளில் வந்த நேரம் மட்டும் இருக்கும். போன நேரம் இராது. கடைசி நாளில் போன நேரம் மட்டும் இருக்கும். இவ்விரண்டையும் ‘வரவில்லை’ என்று பொறி எழுதிவிடும். இடைப்பட்ட நாட்களில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பதினாறு மணி நேரம் உழைத்தார் என்று கணக்கிடும். அப்படி வீட்டில் உறங்கிய நேரம் வேலையாகவும், ஆலையில் விழித்த நேரம் இல்லாமையாகவும் பதிந்துவிடுகிறது. ஆறு இரவுக்கு ஐந்து நாள் கணக்கு. நான்கு வாரங்கள் இரவு ஷிப்டு பார்த்தார்; நான்கு நாட்கள் போயின. (நமக்கு மஃரிபில் நாள் மாறுகிறது, ஆங்கில நாட்காட்டிக்கு நள்ளிரவில் மாறுகிறது. நாள் எப்போது மாறுகிறது என்பதில் எவ்வளவு சட்டம் அடங்கியுள்ளது என்பதை ரமளான் பிறை பார்க்கும் நாமாவது அறிவோம்.)

அப்படியானால் கூலி குறைந்தபோதே அவர் கேட்டிருக்க வேண்டாமா? கேட்டார். மேற்பார்வையாளர் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தில் அதைப் பார்த்து ‘இதர வகை’ என்ற தலைப்பில் நான்கு நாள் கூலியைச் சேர்த்துக் கொடுத்துவிட்டனர். அவரும் மகிழ்ச்சியோடு வீடு வந்து சேர்ந்தார். ஆனால் ஈ.எஸ்.ஐ.க்கு மாதந்தோறும் அனுப்பும் நாள் கணக்கு அந்தப் பொறியிலிருந்து நேராக எடுக்கப்பட்டது. துண்டுச் சீட்டு அங்கே போகவில்லை. ஓரிடத்தில் திருத்தப்பட்ட தவறு மற்றோரிடத்தில் தவறாகவே நின்றது.

கணிப்பொறி வல்லுநர் ‘இணைப்பு’ என்று பேசுவதன் பொருள் இதுதான். வருகைப் பதிவு ஒரு மென்பொருள். ஊதியப் பட்டியல் மற்றொன்று. டேலி போன்ற கணக்கு மென்பொருள் வேறொன்று. வைப்பு நிதிக்கும் ஈ.எஸ்.ஐ.க்கும் தனித்தனிக் கோப்புகள், வங்கிக்கு இன்னொன்று. ஒவ்வொன்றையும் ஒருவர் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்தால் ஒவ்வொரு கையிலும் ஓர் எண் பிறழக் கூடும். இணைத்துவிட்டால் வாயிலில் பதிந்த நேரமே எல்லா ஏடுகளுக்கும் செல்லும். நன்மைதான். ஆனால் ஊற்றில் கலங்கினால் எல்லா வாய்க்காலிலும் கலங்கல்தானே ஓடும்? ஆகவே இணைப்பைக் காட்டிலும் முக்கியமானது ஒன்றுண்டு. திருத்தம் முதல் ஏட்டிலேயே நடைபெற வேண்டும். அது மற்ற ஏடுகளுக்குச் செல்லுமுன் உழைத்தவர் தம் கண்ணால் பார்க்க வேண்டும்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? தொழுகையைப் பற்றியதன்று, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது (2:282). யார் மீது பொறுப்பு உள்ளதோ அவரே வாசகம் சொல்ல வேண்டும், எழுத்தர் நீதியோடு எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும் என்றெல்லாம் அதில் விரிகிறது. உமர் (ரலி) அவர்கள் தம் கிலாஃபத்தில் ‘தீவான்’ என்ற பதிவேட்டை ஏற்படுத்தி, பெயர் பெயராக எழுதி உதவித்தொகை வழங்கச் செய்தார்கள். பெயர் அந்த ஏட்டில் இருந்தால்தான் பங்கு வந்து சேரும்.

பெயர் என்றதும் நம் சமுதாயத்திற்கே உரிய ஒரு தொல்லையைச் சொல்லியாக வேண்டும். ‘முஹம்மது’ என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘யூ’ போடுவார் ஒருவர், ‘ஓ’ போடுவார் ஒருவர், நடுவில் ஓர் ‘எம்’, இரண்டு ‘எம்’, ‘எம்.டி.’ என்று சுருக்குவோரும் உளர். கணக்குப்பிள்ளை முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்வார். கணிப்பொறிக்கு இவர்கள் ஐந்து வெவ்வேறு மனிதர்கள்! 2021 முதல் ஆதார் எண்ணோடு சேர்க்கப்படாத வைப்பு நிதிக் கணக்கில் நிர்வாகம் சந்தா செலுத்த இயலாது என்றாகிவிட்டது. ஆதாரில் ஓர் எழுத்து, ஆலை ஏட்டில் ஓர் எழுத்து என்றிருந்தால் பணம் நடுவழியில் நின்றுவிடும். 2017 அக்டோபருக்குப் பின் எண் பெற்று, ஆதாரோடு சரிபார்த்துக்கொண்டவர்கள் 2025 முதல் இணையத்தில் தாமே பெயரைத் திருத்திக்கொள்ளலாம். பழைய எண் உடையோருக்கு நிர்வாகத்தின் ஒப்புதலும் வேண்டும். மகளின் திருமணத்திற்காகப் பணத்தை எடுக்கப் போகும் நாளில் இதைக் கண்டறிவதில் பயனில்லை.

வளைகுடாவில் உறவினர் உள்ள வீடுகளுக்கு இணைப்பின் நன்மை தெரிந்திருக்கும். ஐக்கிய அரபு அமீரகம் 2009இலும் சவூதி அரேபியா 2013இலும் ஊதியப் பாதுகாப்பு முறையைக் கொண்டுவந்தன. கூலி வங்கி வழியாகச் செல்கிறது. அந்தக் கணக்கு அரசுக்கும் தெரிகிறது. மாதக் கணக்கில் கூலியை நிறுத்தி வைத்துவிட்டு ‘கொடுத்துவிட்டேன்’ என்று முதலாளி சொல்வது கடினமாயிற்று. மறுபுறம், நம் நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் எல்லாப் பணியிடங்களிலும் கைபேசியில் படமெடுத்து வருகையைப் பதிய வேண்டும் என்றானது. அலைவரிசை கிடைக்காமல் படம் ஏறாத நாளின் கூலிக்காகத் தவித்தோர் பல மாநிலங்களில் இருந்தனர்.

நம்மில் தொழிலாளர் மட்டுமல்லர், முதலாளிகளும் உள்ளனர். மென்பொருள் விற்க வருபவரிடம் விலையைக் கேட்கிறோம். இரவு ஷிப்டை எப்படி எண்ணும் என்று எத்தனை பேர் கேட்கிறோம்? ஜும்ஆவுக்குச் சென்று வந்தவருக்கு அரை நாள் வெட்டுமா? எட்டு மணிக்கு மேல் நின்ற நேரத்தை இரட்டிப்புக் கூலியாக எழுதுமா, அல்லது எட்டோடு நிறுத்திக்கொள்ளுமா? கூடுதல் நேரத்திற்கு இரு மடங்கு என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. சட்டம் தெரியாத பொறியைக் குறை கூறிப் பயனில்லை. அதற்குக் கற்பித்தவர் ஒருவர் இருக்கிறார்.

நம் சகோதரரின் கதை எப்படி முடிந்தது? அவருடைய மனைவி அடுக்களைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில், கணவர் வேலைக்குப் போன ஒவ்வொரு நாளையும் ஷிப்டோடு குறித்து வைத்திருந்தார். பால் கணக்கு எழுதும் அதே பென்சில். அந்தத் தாள்களையும் துண்டுச் சீட்டுகளையும் எடுத்துச் சென்று காட்டியபின் நிர்வாகத்தார் தவறை ஒப்புக்கொண்டு திருத்திய கணக்கை அனுப்பினர். மூன்று மாத அலைச்சலுக்குப் பின், அல்ஹம்துலில்லாஹ், தொகை வந்தது. அந்த ஆலையின் பொறியில் இப்போது நாள் நள்ளிரவில் மாறுவதில்லை. காலை ஷிப்டு தொடங்கும்போதுதான் மாறுகிறது. ஆயினும் அந்த அம்மையார் நாட்காட்டியில் எழுதுவதை நிறுத்தவில்லை.