சிவப்பு அட்டையும் ஒரு பேராசிரியரின் கேள்வியும்

நீலம், சிவப்பு, பச்சை. செமோர், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த நிறங்களின் பொருளைச் சொல்ல வேண்டியதில்லை. நீல அடையாள அட்டை குடிமக்களுக்கு. சிவப்பு நிரந்தரவாசிகளுக்கு. பச்சை தற்காலிகவாசிகளுக்கு. ஒரே லயத்து வீட்டில் அண்ணனிடம் நீல அட்டையும் தம்பியிடம் சிவப்பு அட்டையும் இருப்பதுண்டு. எந்த அட்டையும் இல்லாத பிள்ளையும் அதே வீட்டில் இருக்கலாம்.

“பத்திரம் எடுக்காமல் விட்டார்கள், அதனால் வந்த வினை” என்று பெரியவர்களைக் குறை சொல்லி நாம் நகர்ந்துவிடுகிறோம். கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஜேமி லியூ அப்படி நகரவில்லை. புருணையில் நாடற்றவராக வாழ்ந்த ஒருவரின் மகள் அவர். மலேசியாவில் நாடற்றவர்களையும் அவர்களுக்காக வாதாடுவோரையும் சந்தித்து ஆராய்ந்து, 2024இல் ‘கோஸ்ட் சிட்டிசன்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். ‘ஆவிக் குடிமக்கள்’ என்று தமிழில் சொல்லலாம்.

ஏன் ஆவி? இங்கேயே பிறந்து, வேறு மண்ணை மிதிக்காத ஒருவர் விண்ணப்பத்தோடு போகிறார். அவரைச் சட்டம் வெளிநாட்டவராகப் பார்க்கிறது. வேறு ஏதோ ஒரு நாட்டுக் குடியுரிமை அவருக்கு இருக்கும் என்று கருதிக்கொள்கிறது. தாத்தா இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர் என்றால், பேரன் இந்தியனாக இருக்கலாம் என்று ஓர் ஊகம். இந்தியாவிலோ அவர் பெயரே எந்தப் பதிவிலும் இல்லை. கையில் பிடிக்க முடியாத அந்த அந்நியக் குடியுரிமைதான் ஆவி. நாடற்ற நிலை மக்களின் கவனக்குறைவால் மட்டும் வருவதில்லை, சட்டமும் நிர்வாகமும் சேர்ந்தே அதை உண்டாக்குகின்றன என்பது லியூவின் வாதம்.

நம் சட்ட வரலாறு இதற்குச் சான்று. 1948ஆம் ஆண்டின் மலாயாக் கூட்டரசு ஒப்பந்தம் நீண்டகால வசிப்பை நிரூபிக்கச் சொன்னது. மெர்டேக்கா நாளுக்குப் பின், 1962 அக்டோபருக்கு முன் இங்கே பிறந்தவர்களுக்குப் பிறந்த மண்ணே பொதுவாகப் போதுமானதாக இருந்தது. அதன் பிறகு பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றானது. பெற்றோரின் பத்திரத்தில் இருந்த ஓட்டை அன்றிலிருந்து பிள்ளைக்கும் சொத்துபோல இறங்கத் தொடங்கியது.

கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்ட திருமணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் பார்வையில் பெற்றோர் மணமாகாதவர்கள். அப்போது குடியுரிமைக்குத் தாயின் நிலையைத்தான் பார்ப்பார்கள். தகப்பன் நீல அட்டைக்காரராக இருந்தாலும், தாயிடம் பத்திரம் இல்லையென்றால் பிள்ளை வெளியே நிற்கும்.

ஓர் ஆய்வு நூல் அந்தப் பிள்ளைக்கு அடையாள அட்டை வாங்கித் தராது. ஆனால் “உன் பத்திரம் எங்கே?” என்ற கேள்வியை “இவரை அந்நியர் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” என்று திருப்பிப் போடும். இப்படிப்பட்ட கேள்வி நீதிமன்றத்தில் எடுபடும் என்பதற்கு, இந்நூல் வருவதற்கு முன்பே ஓர் உதாரணம் உண்டு. பெற்றவர்கள் யாரென்றே தெரியாத, தத்தெடுக்கப்பட்ட ஒரு பிள்ளை சட்டப்படியே மலேசியக் குடிமகன் என்று 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தப் பாதுகாப்பைத் தரும் பிரிவுகளை மாற்ற அரசாங்கம் முன்வைத்த யோசனை, கடும் எதிர்ப்புக்குப் பின் 2024 மார்ச்சில் கைவிடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் மக்களவை அரசமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. மலேசியத் தாய்மார் வெளிநாட்டில் பெறும் பிள்ளைகளுக்கு அதில் வழி பிறந்தது. அது நல்ல செய்தி. ஆனால் நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குத் தானாகக் கிடைத்துவந்த குடியுரிமையை அதே திருத்தம் எடுத்துவிடுகிறது. சிவப்பு அட்டை வைத்திருக்கும் தோட்டத்து வாரிசுகள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

சட்டம் மாறும்வரை நாம் செய்யக்கூடியவையும் உண்டு. திருமணத்தைப் பதியுங்கள். பிள்ளை பிறந்தால் 60 நாள்களுக்குள் பதியுங்கள். 15ஏ விதியின்கீழ் விண்ணப்பிக்கும் வயது வரம்பை 21லிருந்து 18ஆகக் குறைக்கவும் அந்தத் திருத்தம் வழிசெய்கிறது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். பக்கத்து வீட்டில் அட்டையில்லாத பிள்ளை இருந்தால், “யார் தப்பு?” என்று கேட்பதற்கு முன் தேசியப் பதிவுத் துறைக்கு அந்தக் குடும்பத்தோடு துணைக்குப் போய்வாருங்கள்.

பால்மரம் வெட்டி இந்த நாட்டை வளர்த்த கைகளின் பேரப்பிள்ளைகள் அவர்கள். வேறு நாடு அவர்களுக்கு இல்லை.