இருட்டில் மின்னும் பனியன் துணி போல புற்றுநோயைக் காட்டும் துகள்!

புராஸ்டேட் ஆபரேஷனில் டாக்டர்களுக்குப் புது வெளிச்சம்

அவிநாசி:

பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வேடிக்கை தெரியும். கலர் சரி பார்க்கும் லைட் பெட்டிக்குள் வெள்ளைத் துணியை வைத்து, புற ஊதா விளக்கை மட்டும் போட்டால், துணி நீலமாகப் பளபளவென்று மின்னும். வெளுப்புக்காகப் போட்ட டினோபால் வகை மருந்து செய்கிற வேலை அது. கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கி, தெரியும் ஒளியாகத் திருப்பிக் கொடுக்கிறது.

இதே தந்திரத்தை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டு போய்விட்டார்கள் விஞ்ஞானிகள்! உடம்புக்குள் ஒளிந்திருக்கும் புற்றுநோயை மின்ன வைத்து, டாக்டருக்குக் காட்டிக் கொடுக்கிறார்கள். ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோயில் இந்த ஆராய்ச்சி மும்முரமாக நடக்கிறது.

கத்தி முனையில் இரண்டு ஆபத்து

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. மூத்திரப் பைக்குக் கீழே, மூத்திரக் குழாயைச் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கிறது. அதில் புற்றுநோய் வந்தால் சுரப்பியையே எடுத்துவிடுவது ஒரு வைத்தியம்.

அங்கேதான் வம்பு. சுரப்பியின் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. ஆண்மைக்கு உரிய நரம்புகள் அவை. கீழ்ப்பக்கம், மூத்திரத்தை அடக்கும் தசை. டாக்டர் கொஞ்சம் தள்ளி வெட்டினால் இவை சேதமாகும். மூத்திரம் சொட்டும், தாம்பத்தியம் கெடும். சரி என்று நெருக்கி வெட்டினால், புற்றுநோய் ஒரு துளி உள்ளேயே தங்கிவிடலாம். தங்கியது மறுபடி தலைதூக்கும்!

நரம்பைக் காப்பாற்றி ஆபரேஷன் செய்யும் முறையை 1982-ல் அமெரிக்க டாக்டர் பாட்ரிக் வால்ஷ் செய்து காட்டினார். ஆனால் எது நல்ல சதை, எது கெட்ட சதை என்பது வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. வெட்டி எடுத்ததை லேபில் மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் முழு விவரமும் தெரியும். அதற்குள் தையல் போட்டு, நோயாளி வீட்டுக்கே வந்திருப்பார்!

முடியின் குறுக்கே 10 ஆயிரம்

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உல்ரிக் வீஸ்னர் குழுவினர் ஒரு துகளைத் தயாரித்தார்கள். நடுவில் மின்னும் சாயம். சுற்றிலும் கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு. 'கார்னெல் டாட்' என்று பெயர்.

மனிதர்களுக்குப் போட்ட துகளின் அளவு 6, 7 நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் குறுக்கே சுமார் 10 ஆயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம்! இத்தனை சிறிசாக இருப்பதால் வேலை முடிந்ததும் மூத்திரத்தோடு வெளியேறிவிடும்.

புராஸ்டேட் புற்றுநோய் செல்களின் மேல் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதம் ஏராளமாக இருக்கிறது. அதைப் பிடிக்கும் 'கொக்கி' ஒன்றைத் துகளில் மாட்டிவிடுகிறார்கள். துகள் ரத்தத்தில் சுற்றி வந்து, நோய் உள்ள இடத்தில் மாட்டிக் கொள்ளும். டாக்டர் விளக்கை அடித்தால், விசேஷ கேமரா வழியாக அந்த இடம் டி.வி. திரையில் மின்னும்.

இங்கே புற ஊதா விளக்கு உதவாது. சதைக்குள் இன்னும் கொஞ்சம் ஆழம் நுழையும் அகச்சிவப்பு ஒளியைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள்.

23 பேரிடம் சோதனை

தோல் புற்றுநோய் வந்த 5 பேருக்கு இந்தத் துகளை ஊசியில் செலுத்திப் பார்த்த முடிவு 2014-ல் வெளிவந்தது. துகளால் தீங்கு இல்லை என்று தெரிந்தது. புராஸ்டேட்டைத் தேடிப் பிடிக்கும் துகளை எலிகளிடம் சோதித்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு டாக்டர்கள் இன்னொரு வழியில் போனார்கள். துகளுக்குப் பதிலாக, பி.எஸ்.எம்.ஏ.யைப் பிடிக்கும் சின்னப் புரதத்தில் சாயத்தை ஒட்டி, புராஸ்டேட் புற்றுநோய் வந்த 23 பேருக்கு ஆபரேஷனுக்கு முன்பே ஊசி போட்டார்கள். சாதாரணக் கண்ணுக்குத் தெரியாமல் பதுங்கியிருந்த நோயும் திரையில் சிக்கியது! 2024 ஜூனில் இதை வெளியிட்டார்கள்.

கருப்பைப் பக்கத்தில் உள்ள சினைப்பைப் புற்றுநோய்க்கு இப்படி மின்னும் மருந்து ஒன்றை அமெரிக்க அரசு 2021 நவம்பரிலேயே அனுமதித்துவிட்டது. 2022-ல் நுரையீரலுக்கும் அனுமதி கொடுத்தது. புராஸ்டேட்டுக்கு இன்னும் சோதனைக் கட்டம்தான். ஆகவே யாராவது 'நானோ மருந்து' என்று புட்டியில் அடைத்து விற்க வந்தால் ஏமாந்துவிடாதீர்கள்!

அதே பி.எஸ்.எம்.ஏ.யைத் தேடிப் பிடிக்கும் பெட் ஸ்கேன் நம் தமிழ்நாட்டிலேயே எடுக்கிறார்கள். நோய் எதுவரை பரவியிருக்கிறது என்று ஆபரேஷனுக்கு முன்னால் பார்க்க அது உதவுகிறது.

வெட்கம் எதற்கு?

ராத்திரியில் நாலு தடவை எழுந்து போவது, முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போவது, ரத்தம் கலந்து வருவது... இதையெல்லாம் கட்டிய மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள் நம் ஆட்கள். "வயசானா அப்படித்தானுங்க" என்று விட்டுவிடுவார்கள்.

பெரும்பாலும் அது வயதில் வரும் சாதாரண வீக்கமாகவே இருக்கும். ஆனால் ஆரம்பக் கட்டப் புற்றுநோய் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும். 50 வயதைத் தாண்டியவர்கள் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை தங்களுக்குத் தேவையா என்று டாக்டரைக் கேட்பது நல்லது. அந்த அளவு கூடியிருந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமல்ல. பயந்து ஓட வேண்டாம்.

எத்தனை துகள் மின்னினாலும், ஆஸ்பத்திரிக்கு வந்தவருக்குத்தான் வெளிச்சம். அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையை சுந்தரர் பாடி மீட்டார் என்பது தல புராணம். நமக்கு அது ஆகாது. முதலை தூரத்தில் தெரியும்போதே கரை ஏறிவிட வேண்டும்!