ஆயிரம் குதிரைக்கு எவ்வளவு பெட்ரோல்?

பஹ்ரைன் சாகிர் பந்தயத் தளத்தில் டிராக் ரேஸ் நடக்கும் இரவுகளில், பானெட் திறந்து நிற்கும் வண்டிகளைச் சுற்றித்தான் கூட்டம் கூடும். எல்லோர் கண்ணும் டர்போ மேல்தான். நான் பின்பக்கம் போய் டிக்கிக்குள் தலையை விடுவேன். பெட்ரோல் பம்ப், ஹோஸ், ரிலே எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. இங்கே ஒரு கராஜில் என் வேலையே அதுதான். பெரிய டர்போ போட்டால் வண்டி பறக்கும் என்று சொல்வது பாதி உண்மை. டர்போ திணிப்பது வெறும் காற்று. அதற்கு ஈடான பெட்ரோல் அதே நொடியில் போய்ச் சேராவிட்டால் இன்ஜின் தப்பாது.

எங்களிடம் அதிகம் வருவது 1993-ல் அறிமுகமான டொயோட்டா சூப்ரா. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், 2ஜேஇசட் இன்ஜின். ஜப்பானில் விற்ற வண்டிக்கு 280 குதிரைத்திறன், அமெரிக்க வண்டிக்கு 320. இரும்பு பிளாக் அவ்வளவு கெட்டி என்பதால், பெரிய டர்போ மாட்டி அதில் 1000 எடுப்பது இன்று வாடிக்கையாகிவிட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பூஸ்ட்டில், அதாவது டர்போ திணிக்கும் காற்றழுத்தத்தில் ஓடும் பெட்ரோல் இன்ஜின், ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் குடிக்கும். ஆயிரத்துக்கு 270 கிலோ, அதாவது நிமிடத்துக்கு ஆறு லிட்டர். கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட்டம் பத்து நொடிக்குள் முடிந்துவிடும். அதற்குள் ஒரு லிட்டர் காலி. ஆறு லிட்டரை ஆறு இன்ஜெக்டர்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 1000 சிசி தெளிக்க வேண்டும். இன்ஜெக்டர் இடைவிடாமல் திறந்தே இருந்தால் கட்டுப்பாடு போய்விடும் என்பதால், 85 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வோம். ஆக, 1200 சிசி இன்ஜெக்டர் தேவை. கம்பெனி போட்டு அனுப்பியது ஜப்பான் வண்டிக்கு 440, அமெரிக்க வண்டிக்கு 550.

இன்ஜெக்டர் மாற்றுவது சுலபம். பம்ப்பில்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள். எங்களோடு வேலை பார்க்கும் ராமநாதபுரத்துத் தம்பி கேட்டான்: "அண்ணே, பம்ப்புல 450 லிட்டர்னு போட்டிருக்கு. நம்ம கணக்குப்படி மணிக்கு 370 போதுமே, எதுக்கு ரெண்டு பம்ப்?"

"எவ்வளவு பிரஷர்ல 450னு போட்டிருக்குன்னு பாருப்பா" என்றேன்.

பக்கத்திலேயே தண்ணீரைக் கொட்டு கொட்டென்று கொட்டும் மோட்டார், மூன்றாம் மாடித் தொட்டிக்கு ஏற்றும்போது திணறும். பெட்ரோல் பம்ப்பும் அப்படித்தான். இன்ஜெக்டர் சரியாகத் தெளிக்க, உள்ளே இருக்கும் பெட்ரோல் அழுத்தம் வெளியே இருக்கும் காற்றழுத்தத்தைவிட 3 பார் கூடுதலாக இருக்க வேண்டும். டர்போ 2 பார் பூஸ்ட் கொடுக்கும்போது அந்தக் காற்று இன்ஜெக்டர் வாயை எதிர்த்துத் தள்ளுகிறது. அதனால் பெட்ரோல் அழுத்த ரெகுலேட்டருக்கு மேனிஃபோல்டிலிருந்து ஒரு சின்ன வேக்குவம் ஹோஸ் கொடுத்து, பூஸ்ட் ஏற ஏற பெட்ரோல் அழுத்தமும் அதே அளவு ஏறும்படி செய்கிறோம். இப்போது பம்ப் 5 பாரில் வேலை பார்த்தாக வேண்டும். அங்கே 450 வராது. விரல் கனம்கூட இல்லாத அந்த ஹோஸ் கழன்றால் 3 பார் வித்தியாசம் 1 பாராகச் சுருங்கும். இன்ஜெக்டர் தெளிப்பது பாதியை ஒட்டி, 58 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதனால் அதன் இரு முனையிலும் கிளாம்ப் போடாமல் நான் வண்டியை வெளியே விடுவதில்லை.

அடுத்தது வயர். வேறொரு கராஜில் வேலை முடித்த வண்டி ஒன்று பிஸ்டன் உருகி எங்களிடம் வந்தது. பம்ப் புத்தம் புதுசு, விலை உயர்ந்ததுதான். அதற்குக் கரண்ட் போனதோ கம்பெனி போட்ட பழைய மெல்லிய வயர் வழியாக. ஆல்டர்னேட்டரில் 14 வோல்ட் இருந்தது. முழு லோடில் பம்ப் முனையில் அளந்தால் 12-ஐத் தொடவில்லை. வோல்டேஜ் இறங்கினால் பம்ப் மெதுவாகச் சுற்றும், பெட்ரோல் குறையும், கலவை லீன் ஆகும். பூஸ்ட்டில் ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதினொன்றரை, பன்னிரண்டு பங்கு காற்றுதான் பாதுகாப்பு. கூடுதலாகப் போகும் பெட்ரோல்தான் உள்ளே சூட்டைத் தணிக்கிறது. அது குறைந்தால் சிலிண்டருக்குள் தாறுமாறாக வெடிக்கும், அலுமினிய பிஸ்டன் கண் இமைக்கும் நேரத்தில் கரையும். ஒவ்வொரு பம்ப்புக்கும் தனி ரிலே, தனி ஃபியூஸ், பேட்டரியிலிருந்து நேரடியாகத் தடித்த வயர், நல்ல எர்த் வேண்டும். மொத்தச் செலவில் இதுதான் மிகக் குறைவு. இதைத்தான் முதலில் தவிர்க்கிறார்கள் என்பது எனக்கு ஆற்றாமை.

பச்சை விளக்கு எரிந்து வண்டி பாயும்போது டாங்கில் உள்ள பெட்ரோல் முழுவதும் பின்சுவரில் போய் மோதும். உறிஞ்சும் குழாய் காற்றை இழுத்தால் அந்த ஒரு நொடி போதும், இன்ஜின் காலி. இதற்காக இரண்டு மூன்று லிட்டர் பிடிக்கும் சர்ஜ் டாங்க் ஒன்றை நடுவே வைத்து, சிறிய பம்ப் ஒன்றால் அதை எப்போதும் நிரம்பியே இருக்கச் செய்கிறோம்.

எத்தனால் 85 சதவீதம் கலந்த எரிபொருளுக்கு மாறினால் இன்ஜின் குளிர்ச்சியாக ஓடும், பூஸ்ட்டை இன்னும் ஏற்றலாம். ஆனால் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம் தேவைப்படும். பம்ப், இன்ஜெக்டர், ஹோஸ் எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட வேண்டும். சாதாரண ரப்பர் ஹோஸ் அதற்குத் தாங்காது. டெஃப்லான் உள்சுவர் கொண்ட ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட வேண்டும். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் பந்தயம் முடிந்ததும் வடித்துவிட்டு, பெட்ரோல் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட விடுவது நல்லது.

ஊரில் டர்போ கார் வைத்துக்கொண்டு பூஸ்ட்டைக் கூட்டச் சொல்லி டியூனரிடம் போகும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். முதலில் பியூயல் ரெயிலில் ஒரு பிரஷர் சென்சார் மாட்டச் சொல்லுங்கள். முழு லோடில் அழுத்தம் கீழே சாய்கிறதா என்று லேப்டாப்பில் நீங்களே பாருங்கள். சாய்ந்தால் டர்போவைத் தொடவே தொடாதீர்கள், பம்ப்புக்கும் வயருக்கும் செலவு செய்யுங்கள். ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளம் இருக்கிறது; ஈசிஆர் சாலை வேண்டாம்.