தொல்பொருளைக் காக்கும் அறம்

இராகலைப் பகுதியிலுள்ள தோட்டக் கோயில்களிலே திருவிழா நெருங்குங்கால் நிகழும் பணியொன்றை நாம் யாவரும் கண்டிருக்கின்றோம். குத்துவிளக்குகளும் செப்புக் குடங்களும் உலோகத் திருவுருவங்களும் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கப்படுகின்றன. துலக்கிய திருமேனி ஒளிவிடுதலைக் கண்டு அடியார் உள்ளம் குளிர்கின்றது. அது தொண்டு, அதில் ஐயமில்லை. ஆயின், அதே புளியை எடுத்துக்கொண்டு ஒருவர் கொழும்பு நூதனசாலையினுட் புகுந்து, அங்குள்ள பொலன்னறுவை நடராசர் திருவுருவத்தைத் துலக்க முற்படுவாராயின், அது தொண்டாகாது, பெருங்கேடாகும். ஒரே செயல் ஓரிடத்திற் கடமையாகவும் பிறிதோரிடத்திற் குற்றமாகவும் ஆவது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காண முயலுங்கால், பழம்பொருளைக் காப்போர் மேற்கொள்ள வேண்டிய அறம் யாது என்பதும் புலனாகும்.

கோயிலில் எழுந்தருளியுள்ள திருவுருவம் வழிபாட்டிலே வாழ்வது. நாள்தோறும் நிகழும் அபிடேகத்தால் அதன் முகமும் விரல்களும் சிறிது சிறிதாகத் தேய்கின்றன. அத்தேய்வு குறையன்று, வழிபட்டோர் அன்பின் அடையாளம். மிகவும் பழுதுற்றவிடத்து அதனைச் செப்பனிடவும், வேறு திருவுருவம் அமைக்கவும் ஆகமங்கள் வழி வகுத்துள்ளன. நூதனசாலையை அடைந்த பொருளின் நிலை வேறு. அது தன் காலத்துக்குச் சான்றாக நிற்பது. அதன்மேற் படிந்த பசுமை நிறமும், ஒட்டிய மண்ணும், உளியின் தடமும் அச்சான்றின் சொற்களாகும். அவற்றைத் தேய்த்து அகற்றுவோர் ஏட்டிலுள்ள எழுத்தை அழிப்போரை ஒப்பர். எனவே, ஒரு பொருள் எந்நிலையில் உள்ளது என்பதை அறிந்த பின்னரே அதற்குச் செய்யத்தக்கது யாது எனத் துணிதல் வேண்டும்.

பொலன்னறுவைத் திருவுருவங்களையே எடுத்துக்கொள்வோம். 993 ஆம் ஆண்டளவில் இராசராச சோழனின் படை ஈழத்தின் வடபகுதியைக் கைப்பற்றியபின், பொலன்னறுவை சனநாதமங்கலம் என்னும் பெயருடன் சோழராட்சியின் தலைநகராயிற்று. இரண்டாம் சிவ தேவாலயம் என இன்று வழங்கும் வானவன்மாதேவி ஈசுவரம் அக்காலத்துக் கற்றளியாகும். 1070 ஆம் ஆண்டில் முதலாம் விசயபாகு சோழரை வென்று அகற்றினான். ஆயினும் சைவம் அந்நகரைவிட்டு அகலவில்லை என்பதை ஆங்கு அதன் பின்னரும் எழுந்த சிவாலயங்கள் காட்டுகின்றன. காலப்போக்கில் நகர் பாழாயிற்று, காடு மூடியது. 1907, 1908 ஆம் ஆண்டுகளில் தொல்பொருள் ஆணையாளர் எச். சி. பி. பெல் நடத்திய அகழ்வில், முதலாம் சிவ தேவாலயத்திலிருந்து நடராசர், உமையம்மை, சுந்தரமூர்த்தி நாயனார் முதலிய திருவுருவங்கள் வெளிவந்தன. 1960 ஆம் ஆண்டில் ஐந்தாம் சிவ தேவாலயத்தில் மேலும் சில கிடைத்தன. ஆனந்த குமாரசுவாமி 1914 இல் வெளியிட்ட நூல், கொழும்பிலுள்ள உலோகப் படிமங்களை உலகறியச் செய்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அவற்றைச் சிவ வழிபாட்டின் உட்பொருளோடு இயைத்து விளக்கினார்.

இத்தகைய பொருளைக் கைக்கொண்ட நூதனசாலைக்கு மூவகைக் கடன்கள் உள. அவற்றுள் முதலாவது, பொருளின் உடலுக்குச் செய்யும் கடன்.

மண்ணுள் நெடுங்காலம் கிடந்த வெண்கலம் அம்மண்ணிலுள்ள உப்பினை ஏற்றுக்கொள்கின்றது. அவ்வுப்பின் குளோரைட்டு செம்போடு சேர்ந்து உலோகத்தினுள்ளே தங்கியிருக்கும். காற்றில் ஈரம் மிகுந்தபொழுது அது விழித்தெழுந்து, வெளிர்பச்சை நிறமுடைய துகளாகப் புள்ளி புள்ளியாய் வெளிப்படும். இதனை வெண்கல நோய் என்பர். கவனியாது விட்டால் உலோகத்தை அது மேன்மேலும் அரித்துக்கொண்டே செல்லும். எல்லாப் பசுமையும் நோயன்று என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. செறிந்து, வழுவழுப்பாகப் படிந்த பசுமை உலோகத்துக்குப் போர்வை போன்றது. உதிரும் பசுமையே நோய். இவ்விரண்டையும் பகுத்தறியாது யாவற்றையும் அமிலத்தாற் கழுவுதல், மருத்துவம் அறியாதார் கையிற் கத்தி கொடுத்ததை ஒக்கும். சென்னை அரசினர் அருங்காட்சியகத்தில் 1930 ஆம் ஆண்டு வேதியியல் ஆய்வுகூடம் நிறுவப்பெற்று, எஸ். பரமசிவன் அவர்கள் மின்பகுப்பு முறையால் நோயுற்ற செப்புத் திருமேனிகளைக் காக்கத் தொடங்கியது நம் இனத்தார் இத்துறையில் ஆற்றிய முன்னோடிப் பணியாகும்.

இக்கடனைச் செய்வோர்க்கு மூன்று விதிகள் இன்றியமையாதன. வேண்டிய அளவுக்கு மேற் கைவைத்தலாகாது. செய்த திருத்தம் பின்னொருகால் நீக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். செய்தது யாது என்பதைப் பதிவு செய்தல் வேண்டும். இன்று நாம் அறிந்ததினும் மிகுதியாக நாளை வருவோர் அறிவர் என்னும் பணிவே இம்மூன்று விதிகளுக்கும் வேராகும்.

இரண்டாவது, பொருளின் வரலாற்றுக்குச் செய்யும் கடன். எவ்விடத்தில், எதனோடு, எந்நிலையிற் கிடைத்தது என்னும் குறிப்பு இழக்கப்படுமாயின், எத்துணை அழகிய படிமமும் பாதி ஊமையாகிவிடும். பொலன்னறுவைத் திருவுருவங்கள் இன்ன கோயிலில் எடுக்கப்பட்டன என்பதை அறிவோமாதலின், அவற்றைக்கொண்டு ஒரு நகரத்தின் சமய வாழ்வையே எழுத முடிகின்றது. பிரித்தானிய நூதனசாலையிலுள்ள தாரை தேவியின் பொன்முலாம் பூசிய திருவுருவத்தை இதனோடு ஒப்பிடுக. அது திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே எங்கோ கிடைத்தது என்ற அளவே நாம் அறிவது. தேசாதிபதி பிரவுன்றிக் அதனை 1830 ஆம் ஆண்டில் அந்நூதனசாலைக்கு அளித்தார். அங்கும் அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படாது நெடுங்காலம் அறையொன்றிலே அடைபட்டுக் கிடந்தது. அத்தேவி எக்கோயிலில் வீற்றிருந்தாள், யார் தொழுதனர் என்பவற்றை அத்திருவுருவிடமிருந்து இனிக் கேட்டறிதல் அரிது.

படிந்த மண்ணும் பேசும் என்பதற்குத் தமிழகத்துப் பத்தூர் நடராசர் வழக்கு தக்க சான்று. 1976 ஆம் ஆண்டில், பத்தூரிலே பாழடைந்த சிவன் கோயிலின் அருகே மண்ணைத் தோண்டிய தொழிலாளர் ஒருவர் அத்திருவுருவத்தைக் கண்டெடுத்தார். அது கைமாறி இலண்டனை அடைந்தது. கனடா நாட்டு நிறுவனமொன்று அதனை விலைக்கு வாங்கியது. துப்புரவு செய்து பேணுவதற்கு அனுப்பப்பட்டிருந்த வேளையிலே காவற்றுறையினர் அதனைக் கைப்பற்றினர். அங்கு நடந்த வழக்கிலே படிமத்தின் அமைதியும் உலோகமும் மட்டுமன்றி, அதில் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் புற்றின் தடமும்கூட ஆராயப்பட்டன. தீர்ப்புக் கோயிலின் சார்பாயிற்று. மேன்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. 1991 ஆம் ஆண்டில் திருவுருவம் நாடு திரும்பியது. முதல்நாளிலேயே ஒருவர் அதனைப் பளபளக்கத் துலக்கியிருந்தால் அச்சான்றுகளுட் சில அன்றே கழுவுண்டு போயிருக்கும்.

மூன்றாவது கடன், அப்பொருளைத் தமதெனக் கருதும் மக்களுக்குச் செய்வது. 1946 ஆம் ஆண்டில் தோன்றிய அனைத்துலக நூதனசாலைகள் மன்றம் 1986 இல் ஏற்று, 2004 இல் திருத்தியமைத்த ஒழுக்க நெறியானது, புனிதப் பொருள்களை அவற்றுக்குரிய சமூகத்தாரின் நம்பிக்கைக்கு இயையப் போற்றிக் காட்டல் வேண்டும் என வலியுறுத்துகின்றது. களவாலும் வன்முறையாலும் பெற்ற பொருளை உரியோர்க்கு மீட்டளித்தலும் இக்கடனின் பாற்பட்டதே. கண்டி மன்னரின் சிங்காசனமும் முடியும் 1934 இல் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு மீண்டன. 1765 இல் ஒல்லாந்தர் கண்டியிற் கவர்ந்து சென்ற பீரங்கி முதலிய ஆறு பொருள்களை நெதர்லாந்து அரசு 2023 இல் மீள ஒப்படைத்தது.

“வழிபடப்பட்ட உருவம் கோயிலுக்கே செல்லவேண்டும், கண்ணாடிப் பெட்டி அதற்குச் சிறையே” என்பார் ஒருசாரார். “காப்பில்லாத கோயிலுக்கு அனுப்பிக் களவு கொடுப்பதினும் நூதனசாலையே நன்று” என்பார் மற்றொரு சாரார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. நாடு திரும்பிய பத்தூர் நடராசர் தம் ஊர்க் கோயிலில் எழுந்தருளவில்லை. களவுக்கு அஞ்சித் திருவாரூரிலுள்ள பாதுகாப்பு மையத்திற் பல்லாண்டு வைக்கப்பட்டார். மீட்டுத் தருதலோடு கடன் முடிந்துவிடவில்லை என்பதை இது காட்டும். கோயிலும் வழிபடும் மக்களும் இன்றும் உள்ளவிடத்து, கோயிலின் காவலை வலுப்படுத்தித் திருவுருவத்தை அங்கே சேர்த்தலே முறை. கோயில் அழிந்து ஊரும் கலைந்தவிடத்து நூதனசாலை அதன் பொறுப்பாளராகலாம். ஆயினும் பொறுப்பாளர் உடைமையாளர் ஆகார். அவர் அதனைத் தக்க இடத்தில் வைத்து, அது யாது, யாருக்குரியது என்பதை அம்மக்கள் மொழியிலும் எழுதி வைத்தல் வேண்டும். கைகூப்பி நிற்கும் முதியவரை நகைத்து அகற்றும் நூதனசாலை, பொருளைக் காத்தும் அதன் பொருளை இழந்ததாகும்.

இவையெல்லாம் கொழும்புக்கும் இலண்டனுக்கும் உரிய செய்திகள் என மலையகத்தார் எண்ணுதல் தவறு. இலங்கைத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டபோது, தொல்பொருள் என்பதற்கு 1815 ஆம் ஆண்டு மார்ச்சு 2 ஆம் நாளை எல்லையாக வகுத்தது. கண்டி அரசு ஆங்கிலேயர் கைப்பட்ட நாள் அது. நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வந்ததும், 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிடப்பட்டதும் அந்நாளுக்குப் பிற்பட்டவை. ஆகவே அவர்கள் கைப்பட்ட பொருள்கள் யாவும் அவ்வெல்லைக்குப் புறத்தே நின்றன. நூறாண்டு கடந்த கட்டடங்களைத் தனி அறிவித்தலாற் காக்க அச்சட்டத்தில் வழியுண்டு. ஆயின் ஒரு கவ்வாத்துக் கத்தியையும் கொழுந்துக் கூடையையும் காப்பார் யார்?

நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக வந்து 1904 இல் இராகலையை எட்டிய குறுகிய இருப்புப்பாதை 1940 களில் மறைந்தது. அதுபோலவே கடலைக் கடந்து வந்த தொழிலாளர் அணிந்த தகர அடையாளத் தகடுகளும், 1921 இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட துண்டு முறையின் தாள்களும், காமன் கூத்துக்குப் பயன்பட்ட பழைய தப்பும், லயன் அறைகளின் இருட்டிலே மறைந்து வருகின்றன. கம்பளைக்கு அண்மையில், பழைய லயம் ஒன்றிலேயே 2007 இல் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை அமைக்கப்பட்டது நற்றொடக்கம். அத்தொடக்கம் ஒவ்வொரு தோட்டத்திலும் தொடர்தல் வேண்டும்.

அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மாணவர் ஒருவர் தம் பாட்டியிடமுள்ள பழம்பொருளின் பெயரையும், அது வந்த வழியையும், அதனைப் பயன்படுத்திய முறையையும் கேட்டு ஓர் ஏட்டில் எழுதுவாராயின் இரண்டாவது கடன் நிறைவுறும். அதனை மூடுபனியின் ஈரம் அணுகாதவாறு உலர்ந்த துணியிற் பொதிந்து, உலர்ந்த இடத்தில் வைப்பாராயின் முதலாவது கடன் நிறைவுறும். உரியோர் இசைவின்றி அதனை வாங்கவோ கொண்டுசெல்லவோ ஒருப்படாராயின் மூன்றாவதும் நிறைவுறும். கோயில் திருவுருவம் மிகப் பழையதாயின், புளியிடுமுன் அறிந்தார் ஒருவரை வினவுதல் நன்று.

பொருளைத் துலக்குவதும் துலக்காது விடுவதும் தம்மளவில் அறமோ மறமோ ஆகா. அப்பொருள் யாருடைய வாழ்வைத் தாங்கி நிற்கின்றது என உணர்ந்து, அவ்வாழ்வுக்கு ஊறு நேராது செய்வதே அறம். முன்னோர் நம் கையில் தந்தது நமக்கு மட்டும் உரியதன்று. பின்னோர் கேட்குங்காற் குறைவின்றிக் கொடுத்தற்குரிய அடைக்கலப் பொருளே அஃதாம்.