காதோடு காதாகப் போகும் வேலை

1910இல் அமெரிக்கக் கறுப்பர்களில் பத்தில் ஒன்பது பேர் தென் மாநிலங்களில் வாழ்ந்தார்கள். அடுத்த அறுபது ஆண்டுகளில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் பருத்திக் காட்டையும், வாரச் சாகுபடியின் தீராத கடனையும், கும்பல் கொலை பற்றிய பயத்தையும் விட்டுவிட்டு ரயிலேறினார்கள். சிகாகோவின் இறைச்சிக் கூடங்கள், டெட்ராய்டின் கார் ஆலைகள், மில்வாக்கியின் இரும்புப் பட்டறைகள் அவர்களுக்குக் கூலி கொடுத்தன. 1970களில் அந்த ஓட்டம் திசை திரும்பியது. வடக்கே ஆலைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. வீட்டு வாடகை ஏறிக்கொண்டே போனது. தெற்கே வயதான பெற்றோரும், பாட்டி விட்டுப்போன துண்டு நிலமும் காத்திருந்தன. ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்ற பலகைகளை 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் கழற்றிவிட்டிருந்தது. அன்று தொடங்கிய திரும்பல் இன்றும் நடக்கிறது. போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், தாங்கள் பிறந்திராத ஊரைச் சொந்த ஊர் என்று சொல்லிக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவர்களில் பெரும்பாலோர் பாட்டியின் ஊருக்குப் போவதில்லை. அட்லாண்டா, சார்லட், டல்லாஸ், ஹூஸ்டன் போன்ற பெருநகரங்களில் தங்கிவிடுகிறார்கள். தெற்குக்குத் திரும்புகிறவர் சொந்த ஊருக்கு ஏன் திரும்புவதில்லை?

வேலை இல்லை என்பது பாதி பதில். சின்ன ஊரிலும் வேலை உண்டு. அது எந்த வழியாக ஆளைப் போய்ச் சேர்கிறது என்பதில்தான் சிக்கல். வேலை தேடுகிறவருக்குச் சொந்த ஊர் தரும் பெரிய பலம், நாலு பேருக்கு அவரைத் தெரியும் என்பது. ‘அங்கே ஆள் எடுக்கிறார்களாம், நாளைக்கே போய்ப் பார்’ என்ற ஒரு வாக்கியம் பத்து விண்ணப்பங்களுக்குச் சமம். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் மாசசூசெட்ஸின் நியூட்டன் நகரில் வேலை மாறிய படித்தவர்களை விசாரித்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் தெரிந்தவர் வழியாகவே வேலையைப் பிடித்திருந்தார்கள். நான்சி டிடோமாசோ என்ற ஆய்வாளர் நியூ ஜெர்சி, ஒஹாயோ, டென்னசி மாநிலங்களில் 246 வெள்ளையர்களிடம் அவர்களுடைய முழு வேலை வரலாற்றையும் கேட்டு 2013இல் ஒரு நூல் எழுதினார். அவர்கள் வாழ்நாளில் பார்த்த வேலைகளில் பத்தில் ஏழு யாரோ ஒருவரின் உதவியால் வந்தவை. ஆனால் ‘எப்படி முன்னேறினீர்கள்?’ என்று கேட்டால், பெரும்பாலும் உழைப்பு என்றே பதில் வந்தது. சிபாரிசுக்கு நாம் ஒரு பெயராவது வைத்திருக்கிறோம்; அங்கே அது பெயரில்லாமலே நடக்கிறது. என் வாதம் இவ்வளவுதான்: ஊர் ஆளை அறிந்திருப்பது நிறப்படி பங்கு பிரிக்கப்பட்ட ஊரில், திரும்பி வரும் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஊர் ஒரே பொருளைத் தருவதில்லை. விண்ணப்பத்தின் மீது காட்டப்படும் பாகுபாட்டைச் சட்டம் பிடிக்கலாம். விண்ணப்பம் எழுதும் முன்பே முடிந்துபோன வேலையை அது தொடக்கூட முடியாது.

டெய்ர்ட்ரி ராய்ஸ்டர் பால்டிமோரில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு இதை மிக நெருக்கத்தில் காட்டுகிறது. ஒரே தொழிற்பள்ளி, அதில் தேறிய 50 இளைஞர்கள், 25 பேர் கறுப்பர், 25 பேர் வெள்ளையர். மதிப்பெண், வருகைப் பதிவு, ஆர்வம் எல்லாம் ஏறத்தாழ ஒன்றே. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், வெள்ளை இளைஞர்கள் கூடுதல் கூலி வாங்கினார்கள். வேலையில்லாமல் இருந்த காலம் அவர்களுக்குக் குறைவு. படித்த தொழிலிலேயே நிலைத்தவர்களும் அவர்களே அதிகம். இதில் ஆசிரியர்களின் பங்குதான் என்னை நிறுத்தியது. வெள்ளை ஆசிரியர்கள் கறுப்பு மாணவர்களை வெறுக்கவில்லை. நல்ல வார்த்தை சொன்னார்கள், ஊக்கப்படுத்தினார்கள். ஆனால் தச்சு வேலைக்கும் மின்பணிக்கும் ஆள் கேட்டு ஒப்பந்தக்காரர் பேசியபோது அவர்கள் வாயில் வந்த பெயர் வெள்ளை மாணவனுடையது. கறுப்பு மாணவனுக்குக் கிடைத்தது பாராட்டு. வெள்ளை மாணவனுக்குக் கிடைத்தது முகவரி. இத்தனைக்கும் அந்தக் கறுப்பு இளைஞர்கள் ஊரைவிட்டுப் போனவர்கள்கூட இல்லை. உள்ளூரிலேயே இருந்தவர்களுக்கு இந்தக் கதி என்றால், இரண்டு தலைமுறை கழித்துத் திரும்புகிறவருக்கு யார் காதில் போய்ச் சொல்வார்கள்?

இந்தத் தெரிந்தவர் வட்டம் தானாக ஒரு நிறமாகிவிடவில்லை. தென் கரோலினாவில் 1915இல் போட்ட ஒரு சட்டம், நெசவாலையில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே அறையில் வேலை பார்ப்பதையே தடுத்தது. தறிப்பக்கம் வெள்ளையருக்கு, முற்றம் கூட்டுவதும் பொதி சுமப்பதும் கறுப்பருக்கு. வட கரோலினாவில் டிரேப்பர் என்ற ஊரில் டியூக் பவர் நிறுவனத்தின் மின்நிலையம் ஒன்று இருந்தது. 95 தொழிலாளர்களில் 14 பேர் கறுப்பர். அவர்கள் எல்லோருமே ‘கூலிப் பிரிவு’ என்ற ஒரே பிரிவில்தான் இருந்தார்கள். அந்தப் பிரிவின் உச்சக் கூலி, மற்றப் பிரிவுகளின் அடிமட்டக் கூலியைவிடக் குறைவு. 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பகுதி நடைமுறைக்கு வந்த 1965 ஜூலை 2ஆம் தேதி அன்றே, நல்ல பிரிவில் புதிதாகச் சேர உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோடு இரண்டு எழுத்துத் தேர்வுகளும் வேண்டும் என்று நிர்வாகம் விதி வைத்தது. 1960 கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்து வெள்ளை ஆண்களில் 34 விழுக்காட்டினர் உயர்நிலைப் பள்ளியை முடித்திருந்தார்கள். கறுப்பு ஆண்களில் 12 விழுக்காட்டினர்தான். ஏற்கனவே உள்ளே இருந்த வெள்ளைத் தொழிலாளர்கள் பலரிடமும் அந்தச் சான்றிதழ் இல்லை, ஆனாலும் வேலையைச் செவ்வனே செய்துகொண்டிருந்தார்கள். கிரிக்ஸ் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இடம்பெற்ற அந்த வழக்கில் 1971இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது: கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும், வேலைக்குத் தொடர்பில்லாத ஒரு நிபந்தனை ஓர் இனத்தாரை வடிகட்டினால் அது செல்லாது. தீர்ப்பு பெரிதுதான். ஆனால் அந்த ஊரில் நல்ல வேலை பார்த்த அப்பாக்களும் மாமன்களும் யார் என்பது அதற்குள் முடிவாகிவிட்டது. இன்று ஒரு பையனுக்குச் சொல்லிவிடுகிற ஆள், அந்த அப்பாவின் மகனோ பேரனோதான்.

இங்கே ஒரு மறுப்பு வரும். கறுப்பர் தோற்பது நிறத்தால் அல்ல, படிப்பாலும் வர்க்கத்தாலும் என்பார்கள். அதைச் சோதிக்கத்தான் போலி விண்ணப்பச் சோதனைகள் வந்தன. மரியான் பெர்த்ரானும், தமிழ்நாட்டில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா போன செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகரங்களின் விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 விண்ணப்பங்கள் அனுப்பி 2004இல் முடிவை வெளியிட்டார்கள். தாளில் படிப்பு, அனுபவம் எல்லாம் ஒப்பானவை. மேலே இருந்த பெயர் மட்டும் ஒன்றில் எமிலி, இன்னொன்றில் லகீஷா. வெள்ளைப் பெயருக்கு 50 விழுக்காடு கூடுதல் அழைப்பு வந்தது. இன்னும் உறுத்துகிற விஷயம் வேறு: அனுபவத்தையும் தகுதியையும் கூட்டிக் காட்டியபோது வெள்ளைப் பெயர்களுக்கு அழைப்பு நன்றாகவே கூடியது, கறுப்புப் பெயர்களுக்கு மிகக் கொஞ்சம்தான் கூடியது. ‘நன்றாகப் படி, எல்லாம் சரியாகும்’ என்ற அறிவுரையின் விலை இது. சரி, லகீஷா என்ற பெயர் ஏழ்மையின் அடையாளமாகவும் படலாம் அல்லவா? நியாயமான கேள்வி. சிலர் ஆராய்ந்து, அப்படிப் படுவதுண்டு என்றும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் டெவா பேஜர் மில்வாக்கியில் நடத்திய சோதனையில் பெயர் இல்லை, ஆளே போனார். நன்றாக உடுத்திய, நன்றாகப் பேசுகிற, 23 வயதுக் கல்லூரி மாணவர்கள் நால்வர், இருவர் வெள்ளையர், இருவர் கறுப்பர், 350 இடங்களில் நேரில் போய் விண்ணப்பம் நிரப்பினார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் போதைப்பொருள் குற்றத்துக்காகச் சிறை சென்றவராக நடித்தார். அந்த வேடத்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். குற்றமற்ற வெள்ளையருக்கு 34 விழுக்காடு அழைப்பு. சிறை சென்ற வெள்ளையருக்கு 17. ஒரு கறையும் இல்லாத கறுப்பருக்கு 14.

இந்த எண்களைப் படித்துவிட்டு, இவ்வளவு இருந்தும் ஏன் தெற்கே போகிறார்கள் என்று கேட்பவர் உண்டு. பாஸ்டன், சிகாகோ, மில்வாக்கி மூன்றும் வடக்கு என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. எந்த ஊர்களை நம்பி 60 லட்சம் பேர் கிளம்பினார்களோ, அதே ஊர்களின் கணக்கு இது. 1989க்குப் பிறகு நடந்த இத்தகைய சோதனைகளையெல்லாம் தொகுத்த 2017ஆம் ஆண்டு ஆய்வு, வெள்ளையருக்குக் கறுப்பரைவிட 36 விழுக்காடு கூடுதல் அழைப்பு என்றும், கால் நூற்றாண்டில் அந்த இடைவெளி குறையவில்லை என்றும் சொல்கிறது. இரண்டு பக்கமும் கதவு இறுக்கமாக இருக்கும்போது, அம்மா இருக்கும் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பதில் புத்திக்குறைவு எதுவும் இல்லை. அப்படிக் கரோலினா கிராமங்களுக்கே திரும்பியவர்களைப் பற்றி மானிடவியலாளர் கரோல் ஸ்டாக் 1996இல் ஒரு நூல் எழுதினார். நகரத்து அலுவலக அனுபவத்தோடு வந்த பெண்கள் உள்ளூரில் அதற்கேற்ற வேலை கிடைக்காமல், குழந்தைகள் காப்பகம் தொடங்க அரசுப் பணம் கேட்டு உள்ளூர்ப் பெரிய மனிதர்களோடு மல்லுக்கட்டியதை அதில் படிக்கலாம். வேலை தேட வந்தவர்கள் வேலையை உண்டாக்க வேண்டியதாயிற்று.

தன் ஆளுக்குத் தான் உதவுவது மனித இயல்பு, அதை இனவெறி என்பதா என்பது அடுத்த கேள்வி, எல்லாவற்றிலும் வலுவானதும் இதுவே. இனவெறி என்று நான் சொல்லவில்லை. தங்கை மகனுக்கு ஒரு வேலை சொல்லிவிடுகிற மனிதரிடம் குற்றம் எதுவும் இல்லை. குற்றமில்லாத ஆயிரம் உதவிகள் சேர்ந்து ஓர் ஊரின் நல்ல வேலைகளை ஒரே பக்கம் ஒதுக்கிவிடுகின்றன என்பதுதான் விஷயம். நீதிமன்றமும் இந்த இடத்தில் கைவிரித்திருக்கிறது. சிகாகோவில் ஒரு விளக்குத் தொழிற்சாலை விளம்பரமே செய்யாமல், வேலை பார்ப்பவர்கள் கூட்டிவந்த உறவினர்களையும் நண்பர்களையும் கொண்டே ஆளெடுத்தது. வேலைக்கு வந்தவர்களில் கறுப்பர் மிகக் குறைவு. அரசின் வேலைவாய்ப்புச் சமத்துவ ஆணையம் வழக்குப் போட்டது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நிறுவனம் தானாக எதுவும் செய்யவில்லை, வந்தவர்களை எடுத்தது, அவ்வளவே என்று சொல்லி ஆணையத்தின் வாதத்தை ஏற்க மறுத்தது. டிரேப்பரில் எழுத்தில் ஒரு விதி இருந்தது, அதை நீதிபதிகள் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தது. வாய்ச்சொல்லை எங்கே எடுத்துப் பார்ப்பது?

கறுப்பருக்கும் உறவு உண்டே, தேவாலயம் உண்டே, அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளலாமே என்பார்கள். சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் தன்னிடம் இல்லாத வேலையை ஒருவர் எப்படிச் சொல்வார்? இருப்பவரும் தயங்குவதுண்டு என்று சான்ட்ரா சூசன் ஸ்மித் 2007இல் காட்டினார். மிச்சிகனில் 105 ஏழைக் கறுப்பர்களிடம் அவர் பேசியபோது, பலரும் தெரிந்தவருக்குச் சிபாரிசு செய்யவே அஞ்சினார்கள். அழைத்துவந்த ஆள் ஒருநாள் தாமதமாக வந்தால் தன் பெயர் கெடும், தன் வேலையே ஆடும் என்ற பயம். இதைக் குணக்குறை என்று படிப்பது எளிது. காலடி உறுதியாக இருப்பவர் இன்னொருவருக்குக் கை கொடுப்பார். தானே விளிம்பில் நிற்பவர் யோசிக்கத்தான் செய்வார்.

அட்லாண்டா ஏன் இழுக்கிறது என்பது இப்போது புரியும். 1973இல் மேனார்ட் ஜாக்சன் அந்நகரின் முதல் கறுப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். புதிய விமான நிலையம் கட்டும் ஒப்பந்தங்களில் கால் பங்கு சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். ஊர்ப் பெருமுதலாளிகள் முகம் சுளித்தும் விடவில்லை. வேலையைச் சொல்லிவிடுகிற ஆட்கள் கறுப்பரிலும் உருவானார்கள். நெசவாலைகளிலும் இப்படி ஒன்று நடந்தது. பல பத்தாண்டுகள் அசையாமல் கிடந்த தென் கரோலினா ஆலைகளின் கறுப்பர் எண்ணிக்கை 1965க்குப் பிறகு மளமளவென்று ஏறியதை ஜேம்ஸ் ஹெக்மனும் புரூக் பேனரும் 1989இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். சந்தை தானாகத் திருந்தியது என்று சொல்ல அந்தக் கணக்கு இடம் தரவில்லை. அரசின் நெருக்குதல் வந்த பிறகுதான் கதவு அசைந்தது. அடுத்த தலைமுறை அதன் பலனை முழுதாக அனுபவிக்கும் முன்பே ஆலைகள் வெளிநாட்டுக்குப் போய்விட்டன என்பது வேறு சோகம்.

ஆக, திரும்பி வந்த ஒருவர் ஒரு சிறு தென்னக ஊரில் எங்கே வேலை கேட்கிறார் என்பதைப் பொறுத்தே அவர் கதி மாறுகிறது. பேட்ரிக் கிளைனும் வேறு இருவரும் 108 பெரிய நிறுவனங்களுக்கு 83,000 விண்ணப்பங்கள் அனுப்பி 2022இல் வெளியிட்ட ஆய்வு, பாகுபாடு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை என்று காட்டியது. கறுப்புப் பெயர்கள் இழந்த அழைப்புகளில் ஏறத்தாழ பாதிக்கு, ஐந்தில் ஒரு பங்கு நிறுவனங்களே காரணம். ஆளெடுப்பைத் தலைமையகத்தில் ஒரே முறைப்படி நடத்தும் நிறுவனங்களில் இடைவெளி குறைவு. கார் விற்பனையிலும் சில சில்லறைக் கடைகளிலும் அதிகம். கிளை மேலாளரே பார்த்து, அவருக்குப் பிடித்தவரை எடுக்கும் இடங்கள் எவை என்று யோசித்துப் பாருங்கள். சின்ன ஊரின் பிரதான சாலையில் வரிசையாக நிற்பவை அவைதான்: கார் ஷோரூம், உதிரிப்பாகக் கடை, மரச்சாமான் கடை. விளம்பரம் ஒட்டி, தேர்வு வைத்து, சம்பளப் படிவரிசையை எழுதிப் போட்டு ஆளெடுப்பவை தபால் நிலையம், அரசுப் பள்ளி, மாவட்ட அலுவலகம். தெற்கத்திக் கறுப்பு நடுத்தர வர்க்கம் தலைமுறை தலைமுறையாக பெருமளவு இத்தகைய இடங்களைச் சுற்றியே வளர்ந்திருக்கிறது. ஓர் ஊரில் அவற்றில் ஒன்று மூடினால், பாட்டி வீட்டுச் சாவியோடு வந்தவர் அட்லாண்டா பேருந்தின் நேரத்தைப் பார்க்கத் தொடங்குகிறார்.